மேஜர் என்ன சொல்றான் தெரியுமோ?

அலிப்பூர் மிருகக்காட்சிசாலையை மூலைமுடுக்கெல்லாம் சுற்றி வந்தாலும் இந்தப் பிராணியைக் கூண்டுக்குள் பார்க்க முடியாது. கூண்டுக்கு வெளியேதான் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு கையில் வேர்க்கடலைப் பொட்டலமும் மறு கையில் குடையுமாக, "அந்தக் குரங்கு இப்போ என்ன சொல்றது தெரியுமோ?" என்று சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் விளக்கிக்கொண்டு நிற்கும். இதற்கு மிருக துபாஷி, அதாவது மிருகங்களுக்கு மொழிபெயர்ப்பாளர், என்று பெயர். காக்காய் கரைந்தால் அர்த்தம் சொல்லும், பசு செருமினால் அர்த்தம் சொல்லும், தெருநாய் கொட்டாவி விட்டால் அதற்கும் ஒரு கருத்துரை வைத்திருக்கும். எதிரே நிற்கிற மனுஷன் வாயைத் திறந்து ஏதாவது சொன்னால் மட்டும் காது கேட்காது.

இந்த இனத்துக்கு ஒரே ஒரு சித்தாந்தம். மனிதன் உயர்ந்த பிறவி என்று யார் சொன்னது? மனிதனே சொல்லிக்கொண்டது! யானை சொல்லிற்றா, தேனீ சொல்லிற்றா? ஆறாவது அறிவு எதற்கு? பொய் சொல்ல. மிருகம் பொய் சொல்லுமா? மனசில் இருப்பதை அப்படியே சொல்லிவிடும், கேட்கத்தான் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். மனிதன் மட்டம், மட்டம் என்கிறாரே, அந்தக் கணக்கில் தன்னையும் சேர்த்துக்கொள்கிறாரா? கேட்டுப் பாருங்கள், வேர்க்கடலைகூடக் கிடைக்காது.

ஜாதவ்பூரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்த லக்ஷ்மிநாராயணன் இந்த இனத்தில் ஓர் அசல் மாதிரி. பாட்டனார் காலத்திலேயே கல்கத்தா வந்துவிட்ட குடும்பம். டல்ஹௌசியில் ஒரு தேயிலைக் கம்பெனியில் பெரிய உத்தியோகம். மீசை கிடையாது, விபூதி கிடையாது, மூடநம்பிக்கை கிடையாது. தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் கடைசிப் பேச்சு இவருடையதுதான், ஏனென்றால் இவர் பேசினபிறகு மணி பார்த்து எல்லோரும் எழுந்துவிடுவார்கள். "நாய்க்கு ஜாதி உண்டா? காக்காய்க்கு உண்டா? ஒரு குருவி இன்னொரு குருவியைப் பார்த்து நீ எந்த ஊர், என்ன கோத்திரம் என்று கேட்கிறதா? மனிதன்தான் கேட்கிறான். வெட்கக்கேடு!" என்று மேஜையைத் தட்டுவார். முன்வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கக் கை தட்டுகிறவள் அவர் ஒரே பெண் மீனாக்ஷி. கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள். அப்பா சொன்னதையெல்லாம் நம்பி வளர்ந்தவள். பாவம்.

கம்பெனியில் இருந்த கடைசி வெள்ளைக்கார துரை சீமைக்குத் திரும்பியபோது, அவருடைய நாயை லக்ஷ்மிநாராயணன் வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் சோபாவும் ஐஸ் பெட்டியும் கேட்டார்கள். இவர் நாயைக் கேட்டார். தேன் நிற ரோமம், ஈரக் கண்கள், நடந்தால் தரையைக் கூட்டுகிற மாதிரி தொங்கும் இரண்டு காதுகள். பெயர் மேஜர். மேஜர் வந்த நாளிலிருந்து லக்ஷ்மிநாராயணன் வீட்டில் ஒருவர் கூடுதலாகப் பேச ஆரம்பித்தார். லக்ஷ்மிநாராயணனே ஏற்கெனவே நாலு பேருக்குச் சமமாகப் பேசுகிறவர் என்பதால் வீட்டில் மற்றவர்களுக்கு இடம் இன்னும் சுருங்கிவிட்டது.

மேஜரின் கருத்துகளில் ஓர் அதிசயம் என்னவென்றால், அவை எப்போதும் லக்ஷ்மிநாராயணனுடைய கருத்துகளாகவே இருந்தன. இவருக்கு ரசம் பிடிக்காத அன்று மேஜருக்கும் ரசத்தின் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை. இவருக்கு எந்தப் பாடகர் ஆகாதோ அவர் ரேடியோவில் வந்தால் "தாங்க முடியலை, நிறுத்துங்கோன்னு மேஜர் கெஞ்சறான்" என்பார். மேஜர் சைவத்துக்கு மாறிவிட்டான் என்றும், அது அவனாக எடுத்த முடிவு என்றும் ஆபீஸ் முழுக்கச் சொல்லியிருந்தார். மேஜரோ தயிர் சாதத்தை நக்கிவிட்டு நேரே கீழ்வீட்டு வங்காளி அம்மாளின் சமையலறைக்குப் போய், ஹில்சா மீன் தலை இரண்டைத் தின்றுவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு மேலே வருவான். அந்த முடிவும் அவனாக எடுத்ததுதான்.

இதெல்லாம் வேடிக்கை என்று விட்டுவிடலாம். ஆனால் துபாஷிக்கு நாய் கிடைத்தால் சும்மா இருப்பாரா?

துர்கா பூஜை பார்க்க வரட்டுமா என்று அவர் மனைவி ராஜலக்ஷ்மியின் தங்கை காமு கேட்டாள். லக்ஷ்மிநாராயணனுக்கு மச்சினி வந்தால் பிடிக்காது. கல்கத்தா முழுக்கச் சுற்றிக் காட்டவேண்டும். ஆனால் அதைச் சொல்ல முடியுமா? மேஜர் சொன்னான். "காமு பேரை எடுத்தாலே உர்ருங்கறான் பாரு. அவனுக்கு டென்ஷன் ஆகிடும். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்." வேலை தேடிக்கொண்டு மெட்ராஸிலிருந்து வந்த ஒன்றுவிட்ட தம்பி பிள்ளை சுந்தரம், வந்த மூன்றாம் நாளே பெட்டியைக் கட்டவேண்டியதாயிற்று. "என்னமோ உன் வாசனை அவனுக்குப் பிடிக்கலைப்பா. நான் என்ன பண்றது? அதுகளுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது." சுந்தரம் போவதற்கு முன் இரண்டு தடவை குளித்துப் பார்த்தான். பிரயோஜனமில்லை. இத்தனைக்கும் ராத்திரி முழுக்க மேஜர் அவன் படுக்கையில்தான் படுத்திருந்தான்.

யாரையும் 'வராதே' என்று சொன்னதில்லை, 'போ' என்று சொன்னதில்லை, யாரோடும் மனஸ்தாபமில்லை. லக்ஷ்மிநாராயணன் மாதிரி நல்லவர் உண்டா என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நாய்தான் கொஞ்சம் ஒரு மாதிரி.

இந்த சமயத்தில் மேஜருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. திடீர் திடீரென்று நின்று, காதுகள் இரண்டும் கன்னத்தில் அறைய, பட பட பட என்று தலையை ஆட்டுவான். லக்ஷ்மிநாராயணனுக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா ராஜம்! வேண்டாம்னு சொல்லக் கத்துண்டுட்டான்! அமெரிக்காவுல ஒரு குரங்கு கையால பேசறதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான். இவன் தலையால பேசறான்."

"காது அரிக்கறது அதுக்கு. பக்கத்துல போனா ஒரு நாத்தம் வேற. காதுல என்னமோ இருக்கு," என்றாள் ராஜலக்ஷ்மி.

"அது பாஷை உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று ராஜலக்ஷ்மி ஒப்புக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் பாஷையே அவருக்குப் புரிந்ததில்லை, நாயின் பாஷைக்கு எங்கே போவது?

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மீனாக்ஷி ஒரு பையனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். பெயர் செல்வராஜ். அவளோடு ஜாதவ்பூரில் படித்தவன். இப்போது கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் இன்ஜினியர். அவன் அப்பா சாந்த்ராகாச்சி யார்டில் ஃபிட்டர். பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாக மீனாக்ஷி முன்தினமே அம்மாவிடம் சொல்லி, அம்மா அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவைத்தான் நமக்குத் தெரியுமே, குருவிக்குக் கோத்திரம் உண்டா என்று கேட்கிறவராயிற்றே என்று மீனாக்ஷி பயமில்லாமல் இருந்தாள். அன்றைக்கென்று மஞ்சள் புடவை கட்டிக்கொண்டிருந்தாள்.

"சொந்த ஊர் எதுப்பா?" என்று ஆரம்பித்தார் லக்ஷ்மிநாராயணன்.

"விருதுநகர் பக்கம் சார்."

"விருதுநகர்ல எந்தப் பக்கம்?"

"கிழக்குப் பக்கம் சார்."

"ஓகோ. அப்பா பேரு?"

"மாரியப்பன்."

"வெறும் மாரியப்பன்தானா?"

"ஆமா சார். கூட எதுவும் சேர்க்கலை."

மீனாக்ஷி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். குருவி கேட்காத கேள்விகளை அப்பா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டும் விடை கிடைக்கவில்லை. விடை தெரிந்தும் இருந்தது. 'வேண்டாம்' என்று சொன்னால் ஏன் என்று பெண் கேட்பாள். ஏன் என்று சொன்னால் தமிழ்ச் சங்கத்து மேஜை இருக்கிறதே, அது என்ன நினைக்கும்? சரி என்று சொல்லவோ நாக்கு எழும்பவில்லை. இந்த இக்கட்டான வேளையில், கீழ்வீட்டு மீனை முடித்துவிட்டு மேஜர் மாடிப்படி ஏறி வந்தான். கூடத்து நடுவில் நின்றான். பட பட பட.

லக்ஷ்மிநாராயணனின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"பார்த்தியா மீனா? வேண்டாங்கறான்."

"யாரு?"

"மேஜர்தான். நான் ஒண்ணும் சொல்லலைம்மா. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. தம்பி தங்கமான பையன். ஆனா வாயில்லா ஜீவன் ஒண்ணை உணர்ந்து சொல்றதுன்னா அதுல என்னமோ இருக்கணும். பூகம்பம் வரதுக்கு முன்னாடி அதுகளுக்குத்தான் முதல்ல தெரியறது."

"போங்கோப்பா, விளையாடறேளா?"

விளையாடவில்லை. மேஜர் மறுபடியும் தலையை ஆட்டினான். செல்வராஜ் காபி டம்ளரைக் கீழே வைத்தான். "சரிங்க சார். அவருக்கு மனசு மாறுச்சுன்னா சொல்லி அனுப்புங்க," என்று கைகூப்பிவிட்டு எழுந்தான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். படியிறங்கும்போது சிரிக்கவில்லை. கூடவே வாசல்வரை போன மீனாக்ஷி அதைப் பார்த்தாள்.

அப்பாவோடு வாதாடலாம். புத்தகம் காட்டி வாதாடலாம், அவர் பேசின பேச்சையே திருப்பிச் சொல்லி வாதாடலாம். நாயோடு எப்படி வாதாடுவது? மீனாக்ஷி அன்றிலிருந்து அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் "ம்" என்பாள். லக்ஷ்மிநாராயணனுக்கு இது தெரியவேயில்லை. அவருக்கு மனசு லேசாக இருந்தது. யாரையும் திட்டவில்லை, தகாத வார்த்தை ஒன்று சொல்லவில்லை, கொள்கைக்குப் பங்கமில்லை. காரியமும் முடிந்தது.

ஒருநாள் காலை பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். "கடல்ல திமிங்கலம் இருக்கே, அது பாடறதாம். நூறு மைலுக்கு அப்பால இருக்கற இன்னொரு திமிங்கலத்துக்குக் கேக்கறதாம். மனுஷனாம் உசத்தி!"

"நம்மாத்துல ஒரு பொண்ணு பேசறதை நிறுத்திட்டாளே, அது அந்தப் பேப்பர்ல வரலையா?" என்றாள் ராஜலக்ஷ்மி.

"என்ன?"

"ஒண்ணுமில்லை. திமிங்கலத்தைப் படிங்கோ."

மேஜரின் பேச்சு இதற்குள் ரொம்ப முன்னேறிவிட்டது. இப்போது தலை ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தது. லக்ஷ்மிநாராயணன் அதை ஆழ்ந்த சிந்தனை என்றார். சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போனான்; உபவாசம் என்றார். கூடத்தில் வட்டம் வட்டமாகச் சுற்றினான். "பிரதக்ஷிணம் பண்றான், பூர்வஜென்ம வாசனை" என்று, மூடநம்பிக்கை இல்லாதவர், ஆபீஸ் நண்பர்களை அழைத்து வந்து காட்டினார். அவர்கள் போன மறுநாள் மேஜர் மாடிப்படியில் கால் வைத்தான், நிலை தவறி, படிக்குப் படி மோதிக்கொண்டு கீழே போய் விழுந்தான். விழுந்த இடத்தில் கிடந்து அவன் போட்ட ஊளை தெருக்கோடிவரை கேட்டது.

அதற்கும் அர்த்தம் சொல்ல லக்ஷ்மிநாராயணன் வாயெடுத்தார். மீனாக்ஷி குறுக்கே வந்து, நாயை வாரிப் பழைய புடவையில் சுற்றித் தூக்கிக்கொண்டு, வாசலில் போன டாக்சியைக் கைதட்டி நிறுத்தினாள். லக்ஷ்மிநாராயணனும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். டாக்டருக்கு வங்காளி தெரியும், இங்கிலீஷ் தெரியும். மேஜரின் பாஷை தெரியுமா? துபாஷி இல்லாமல் எப்படி?

பவானிபூரில் ஒரு மிருக வைத்தியர். வயசானவர், தடித்த கண்ணாடி, யார் சொல்வதையும் பாதியில் நிறுத்துகிற சுபாவம். மேஜையில் மேஜரைப் படுக்கவைத்து, காதைப் புரட்டப் போனார்.

"டாக்டர், அவன் என்ன சொல்றான்னா..." என்று லக்ஷ்மிநாராயணன் வங்காளியில் ஆரம்பித்தார்.

"நான் பார்த்துக்கறேன் மோஷாய். வாயைக் கொஞ்சம் கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

"என் வாயையா?"

"நாயோட வாயை. உங்களோடதையும் பிடிச்சுக்கிட்டா நல்லது."

லக்ஷ்மிநாராயணன் நாயின் வாயைப் பிடிக்கவில்லை. அன்பாக மூக்கைத் தடவினார். "பயப்படலை டாக்டர். உங்க மேல முழு நம்பிக்கை இருக்குங்கறான்..." டாக்டர் காதுக்குள் கருவியை விட்டார். மேஜர் 'லபக்' என்று எஜமானின் வலது கையைக் கவ்வினான்.

இத்தனை வருஷத்தில் மேஜர் அவரிடம் நேரடியாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

காதுக்குள்ளிருந்து வந்த சீழை டாக்டர் பஞ்சு பஞ்சாக எடுத்து ஒரு தட்டில் போட்டார். அறை முழுக்க நாற்றம். இரண்டு காதுமே புண்; ஒன்று ரொம்ப உள்ளே போயிருந்தது. தலையை ஆட்டியது, சாய்த்தது, சுற்றியது, விழுந்தது எல்லாம் அதனால்தான். கைகழுவிக்கொண்டே டாக்டர் சொன்னார்: "மாசக்கணக்கா இது தலையை உதறி உதறி வலிக்குது வலிக்குதுன்னு சொல்லியிருக்கு. வீட்டுல யாருக்குமே காது கேக்காதா?"

லக்ஷ்மிநாராயணன் கையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது டாக்சியில் மீனாக்ஷி மேஜரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். குறுக்கே நின்ற டிராம் ஒன்று வழிவிட நேரமாயிற்று. அந்த நேரத்தில்தான் அவருக்கு உறைத்தது, இந்தப் பெண் தன்னோடு பேசி ரொம்ப நாளாகிறது என்று. 'மீனா' என்று கூப்பிட நினைத்தார். கூப்பிட்டால் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

மருந்து விட விட மேஜருக்குக் குணமாயிற்று. தை பிறந்தபோது தலை நேராக நின்றது. காதுகள் சும்மா தொங்கின. லக்ஷ்மிநாராயணன் முன்னால் போய் நின்று என்ன கேட்டாலும் மேஜர் தலையை ஆட்டுவதில்லை. நிமிர்ந்து பார்ப்பான், கொட்டாவி விடுவான், மீன் வாசனை வந்த திசையில் போவான். ஆபீஸில் யாராவது "மேஜர் என்ன சொல்றான் சார்?" என்று கேட்டால், "சுகமா இருக்கான்" என்பதற்கு மேல் இவரிடம் செய்தி இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வராஜ் மறுபடியும் வந்தான். மீனாக்ஷிதான் வரச் சொல்லியிருந்தாள். அவனை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மேஜரைத் தூக்கி வந்து கூடத்து நடுவில் விட்டாள்.

"கேளுங்கோ அப்பா," என்றாள். ரொம்ப நாளைக்கப்புறம் அவரிடம் பேசின பேச்சு.

எல்லோரும் நாயைப் பார்த்தார்கள். நாய் யாரையும் பார்க்கவில்லை. செல்வராஜின் காலை முகர்ந்தது, பிடிக்கவுமில்லை, வெறுக்கவுமில்லை. மேஜைக் காலடியில் போய் முடங்கி, தூங்க ஆரம்பித்தது.

"கோபமா இருக்கான்," என்றார் லக்ஷ்மிநாராயணன். குரல் ஏறவில்லை.

"அவன் தூங்கறான். நீங்க சொல்லுங்கோ. உங்களுக்குச் சம்மதமா, இல்லையா? இல்லைன்னா ஏன்?"

லக்ஷ்மிநாராயணன் வாயைத் திறந்தார். ஒரே ஒரு சொல், இரண்டு எழுத்து, நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதைச் சொல்லிவிட்டால் பெண்ணின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது? தொண்டையிலிருந்து இருமலும் அல்லாத உறுமலும் அல்லாத ஏதோ ஒரு சத்தம் வந்தது. திமிங்கலம் பாடுவதை மொழி என்று ஒப்புக்கொண்டாலும் இதை ஒப்புக்கொள்ள முடியாது.

சமையலறை வாசலில் நின்றிருந்த ராஜலக்ஷ்மி சொன்னாள்: "மனசுல இருக்கறதை வாயால சொல்லுங்கோ. மோப்பம் பிடிச்சுத் தெரிஞ்சுக்க நாங்க என்ன நாயா?"

"எனக்கு ஒண்ணுமில்லை ராஜம். நாலு பேர் என்ன சொல்லுவா?"

"அந்த நாலு பேரையும் கூட்டிண்டு வாங்கோ. அவா காதையும் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாம்."

செல்வராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டான். மீனாக்ஷி சிரிக்கவில்லை. அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை வலிக்கக் கை தட்டின பெண் அப்படிப் பார்த்தால் எந்த அப்பாவால் தாங்க முடியும்? லக்ஷ்மிநாராயணன் தலையைக் குனிந்துகொண்டார். "உங்க இஷ்டம்," என்றார் தரையைப் பார்த்து. சம்மதம் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து அன்றும் வரவில்லை. யாரும் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. மாசியில் பதிவுக் கல்யாணம் நடந்தது. காமு வந்திருந்தாள், ஒரு மாதம் தங்கினாள். சம்பந்தி மாரியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, மனிதனைவிட எறும்புக்கு ஒழுங்கு அதிகம் என்று சாப்பாடு முடிகிறவரை லக்ஷ்மிநாராயணன் விளக்கினார். மாரியப்பனுக்கு எறும்பில் அக்கறை இல்லை. பாயசம் இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? துபாஷி திருந்துவதாவது! அந்த வருஷமே தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் அவர் பேசியதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். "என் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தது யார் தெரியுமோ? மேஜர்! பையன் வந்த முதல் நாளே தலையை ஆட்டிவிட்டான். நான்தான் அசடு, வெள்ளைக்காரன் மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டேன். நம் ஊரில் தலையை இப்படி ஆட்டினால் என்ன அர்த்தம்? 'ஆகட்டும்' என்றல்லவா அர்த்தம்!" கைதட்டல் கூரையைப் பிளந்தது. முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதை அவர் கவனித்தாரா என்று சொல்வதற்கில்லை.

சரி, நீங்கள் சிரித்துவிட்டீர்கள். உங்கள் வீட்டில் நாய் இல்லை, ஆகவே உங்களுக்கு இதில் சம்பந்தமில்லை. 'எனக்கு ஆட்சேபணை இல்லை, குழந்தைக்குத்தான் பிடிக்காது' என்று நீங்கள் சொன்னதே கிடையாது. 'அம்மா மனசு கஷ்டப்படும்' என்று, அம்மாவைக் கேட்காமலே, யாருக்கும் பதில் சொல்லி அனுப்பினது கிடையாது. ரொம்ப சந்தோஷம். கொஞ்சம் சுவரைப் பாருங்கள். நீங்கள் ஏதோ ஒன்றைச் சொல்லி வாய் மூடுமுன் பல்லி ஒன்று 'டிக் டிக்' என்றால் உடனே என்ன செய்கிறீர்கள்? நாம் 'பார்த்தாயா, பல்லியே சொல்லிவிட்டது' என்று தரையைத் தட்டுகிறோம். வங்காளிகள் அது 'டீக், டீக்' என்கிறது, 'சரி, சரி' என்று அர்த்தம் என்கிறார்கள். இரண்டு பாஷையிலும் விசாரித்தாயிற்று. ஒரு பல்லிகூட இதுவரை ஒரு மனுஷனையும் பார்த்து 'தப்பு' என்று சொன்னதாகத் தகவல் இல்லை.